அம்மாவின் ரிப்போர்ட்டில் பதினொரு போல்டு எழுத்து: எதை முதலில் பார்ப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு 51 வயது, நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம், இன்னும் வயல் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு மாதமாக அசதி, முடி கொட்டுகிறது, பாதம் மதமதவென்று இருக்கிறது என்று சொன்னதால் ஊருக்கு வந்த முகாமில் 64 டெஸ்ட் உள்ள பேக்கேஜ் எடுத்திருக்கிறீர்கள். பதினொன்று போல்டு எழுத்தில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சுகர் வந்துவிட்டது என்கிறார்கள், மெடிக்கலில் தைராய்டு மாத்திரையும் வைட்டமின் டி பொடியும் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு எதைத் தொடங்குவது எதை விடுவது என்று கேட்கிறீர்கள். தங்கையின் ஹார்மோன் டெஸ்ட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. 23 வருடமாக லேப்பில் வேலை பார்க்கிறவள், கும்பகோணத்தில் ஆரம்பித்து இப்போது மன்னார்குடியில். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் அம்மாவைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான். ஆனால் அந்த எண்கள் எப்படி வருகின்றன, எங்கே ஏமாற்றும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்: அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று இந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. தைராய்டு மாத்திரை வாழ்நாள் முழுக்க என்றும் சொல்லவில்லை. ஆனால் அது உரக்கச் சொல்கிற ஒன்றை யாருமே உங்களிடம் சொல்லவில்லை. அம்மாவின் உடம்பில் இரும்புச் சத்து அடியோடு தீர்ந்துபோயிருக்கிறது.

போல்டு எழுத்து என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டெஸ்ட்டுகளுக்கு ஆரோக்கியமாக இருக்கும் நிறையப் பேரின் ரத்தத்தை எடுத்து, அதில் நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேரின் அளவைத்தான் நார்மல் என்று அச்சடிக்கிறார்கள். அப்படியென்றால் நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பார்கள். ஒரு டெஸ்ட்டுக்கு ஐந்து சதவீதம் என்றால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஏதாவது ஒன்று போல்டில் வர 64 சதவீதம் வாய்ப்பு. அறுபது, எழுபது டெஸ்ட் என்றால் ஒன்றும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கம்ப்யூட்டருக்கு எது பெரிய விஷயம் எது சின்ன விஷயம் என்று தெரியாது; யூரிக் ஆசிட் (ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு) 6.3 வந்ததையும் ஃபெரிட்டின் 7 வந்ததையும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் அடிக்கும்.

சரி, ஃபெரிட்டினுக்கு வருகிறேன். அம்மாவின் ஹீமோகுளோபின் 9.8, எம்சிவி 74, ஃபெரிட்டின் 7. வயது வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்த சோகை. எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் பருமன், 80-க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று அர்த்தம். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. வீட்டுக் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று பார்ப்பது போலத்தான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது, பல டாக்டர்கள் 30-க்குக் கீழேயே மருந்து தொடங்கிவிடுவார்கள். 7 என்றால் குதிர் துடைத்து வைத்த மாதிரி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: காய்ச்சல், மூட்டு அழற்சி, கல்லீரல் கோளாறு இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது 60 என்று வந்தாலும் இரும்பு குறைவாக இருக்கலாம். ஆனால் இவ்வளவு கீழே இறங்கி வந்தால் அதற்கு வேறு விளக்கமே கிடையாது.

அசதி, முடி கொட்டுவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். அம்மா பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுகிறார்களா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று பெண் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள், அது கேலிக்குரிய பழக்கம் இல்லை, இரும்பு இல்லாத உடம்பு அப்படிக் கேட்கும். சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி, ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஒன்று. ரத்தம் எடுக்கும்போது நான் மெதுவாகக் கேட்பேன், பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டே ஆமாம் என்பார்கள்.

இரும்பு ஏன் தீர்ந்தது என்பதுதான் பெரிய கேள்வி, அது ரிப்போர்ட்டில் இருக்காது. 51 வயதில் மாதவிடாய் நிற்கப் போகும் காலத்தில் ரத்தப்போக்கு கண்டபடி அதிகமாவது ரொம்ப சகஜம். பத்து நாள், பன்னிரண்டு நாள், கட்டி கட்டியாகப் போகும். இதை உங்களிடம் அம்மா சொல்ல மாட்டார்கள் தம்பி. வீட்டுக்காரரோ பிள்ளையோ பக்கத்தில் நின்றால் என்னிடமே சொல்ல மாட்டார்கள், அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தங்கையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் மகப்பேறு டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும், நிற்கப் போகிற நேரம் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. இல்லை என்றால் வயிற்றில் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். மூட்டு வலிக்கு அடிக்கடி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களுக்கு இரைப்பையில் புண் வந்து ரத்தம் துளித் துளியாகப் போகும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்குக் கொக்கிப் புழுவும் ஒரு காரணம், அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மாத்திரை குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019-21 சுற்றில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே இது நோயாகவே கண்ணில் படுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டவுடன் டீ குடித்தால் பாதி வீண். காலையில் வயலுக்குக் கிளம்பும்போது ஒரு டீ, பத்து மணிக்குக் கரையில் ஒரு டீ என்று போகும்போது இரும்பு உடம்பில் ஒட்டாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி, பால் வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய் ஏதாவது கூட எடுத்தால் நன்றாகச் சேரும். வயிறு பிரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் இரும்பு அதிகமாகச் சேரும். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் மறுபடி பார்த்தால் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை என்றால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது அல்லது சேரவில்லை. 12 வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், குதிர் நிரம்ப அதற்கு மேல் மூன்று மாதமாவது வேண்டும்.

இப்போது சுகர். மூன்று மாத சராசரி, அதாவது ஏ1சி, 6.2, வெறும் வயிற்றில் 96. ஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-க்கு மேல் நோய். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நார்மல், 126-க்கு மேல் நோய். ஆக ஒரு எண் ஒன்று சொல்கிறது, இன்னொரு எண் வேறு சொல்கிறது. ஏன்? ஏ1சி என்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ரத்தத்தில் சுற்றும், சுற்றச் சுற்ற சர்க்கரை ஒட்டும். இரும்பு இல்லாதபோது புது அணுக்கள் சரியாகப் பிறப்பதில்லை, இருப்பதில் கிழட்டு அணுக்கள் அதிகம், அதனால் சர்க்கரை அதே அளவில் இருந்தாலும் ஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டும். இரும்பு கொடுத்துச் சரிசெய்தால் அது தானாக இறங்குவதை நானே எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். நேர் எதிராக, சமீபத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ அது பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

அப்படியானால் 96-ஐ நம்பி விட்டுவிடலாமா? அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. முகாமில் காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்தார்கள் என்றீர்கள், லேப் டவுனில் இருக்கிறது. எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும், நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாக. அதனால்தான் சுகருக்கு மட்டும் சாம்பல் நிற மூடி போட்ட குழாய், அதில் ஃபுளோரைடு இருக்கும், அது அணுக்களைத் தின்ன விடாமல் தடுக்கும். அம்மாவுக்கு அந்தக் குழாயில் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு லேப்புக்குப் போனது என்று கேளுங்கள். சாதாரணக் குழாயில் நாலு மணி நேரம் கிடந்திருந்தால் அந்த 96 உண்மையில் 110-க்கு மேலேயே இருந்திருக்கலாம். ஒன்று மேலே இழுக்கிறது, ஒன்று கீழே இழுக்கிறது. இதற்கு வழி 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்: காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, லேப்பிலேயே உட்கார்ந்து எடுக்க வேண்டும். இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழே என்றால் நார்மல், 200-க்கு மேல் நோய், நடுவில் இருந்தால் முந்தைய நிலை. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனால் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். தாத்தாவுக்குச் சுகர் இருந்தது என்று எழுதியிருப்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். அம்மா அந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தாலும் அது இன்றைக்கே மாத்திரை போட வேண்டிய அவசரம் இல்லை, சோற்றைக் குறைத்து காய், பயறு கூட்டி ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கும் விஷயம்.

தைராய்டு. டிஎஸ்எச் 6.4, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 1.1. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு மெத்தனமாக இருந்தால் உத்தரவு உரக்கப் போகும், எண் ஏறும். அதிகம் என்றால் தைராய்டு குறைவு, குறைவு என்றால் தைராய்டு அதிகம், இந்தத் தலைகீழ் புரியாமல் தவிக்கிறவர்கள் நிறைய. அம்மாவுக்கு உத்தரவு கொஞ்சம் உரக்கப் போகிறது, ஆனால் சுரக்க வேண்டிய டி4 சரியாகவே இருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலும் செய்வது இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பது, கூடவே உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டிபிஓ ஆன்டிபாடி ஒரு தடவை பார்ப்பது. காய்ச்சல் வந்து தேறும்போது தற்காலிகமாக ஏறும், ஒரே நாளில் கூட விடியற்காலையில் அதிகமாகவும் மத்தியானம் குறைவாகவும் இருக்கும், அதனால் மறுபடி எடுக்கும்போது அதே நேரத்தில் எடுங்கள். பலருக்குத் தானாக 4.5-க்குக் கீழே வந்துவிடும். 10-ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து உண்டு. 6.4-க்கு ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து, அதுவும் டாக்டர் பார்க்காமல், மெடிக்கலில் மாத்திரை கொடுத்தது தவறு.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். தைராய்டு ஹார்மோனைச் செய்யும் என்சைமுக்கே இரும்பு வேண்டும். இரும்பு தீர்ந்த உடம்பில் தைராய்டும் தடுமாறும். அதோடு தைராய்டு குறைந்தாலும் ரத்தப்போக்கு அதிகமாகும், ஒன்றை ஒன்று இழுக்கும். ஆகவே இரும்பைச் சரிசெய்துகொண்டே மூன்று மாதத்தில் டிஎஸ்எச் பார்ப்பது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது, உங்கள் டாக்டரும் அநேகமாக அதையே சொல்வார். ஒருவேளை தைராய்டு மாத்திரை வேண்டும் என்று அவர் முடிவு செய்தால், அது விடிந்ததும் வெறும் வயிற்றில், டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால்; இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு டோஸ் ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது. டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் டெஸ்ட், பத்து நாளில் எடுத்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறார்களா? சாப்பிட்டால் டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், சில மெஷின்களில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்து, தைராய்டு அதிகம் என்று காட்டிவிடும். வீட்டில் என்ன உப்பு என்றும் பாருங்கள். வேதாரண்யம் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அளத்திலிருந்து வரும் கல்லுப்பை மூட்டையாக வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கடல் உப்பு என்பதால் அயோடின் தானாக இருக்கும் என்று நினைக்கிறார்கள், சேர்த்தால் ஒழிய இருக்காது. அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிற கல்லுப்பே கடையில் கிடைக்கிறது.

பி12 168. 200-க்குக் கீழே குறைவு, 200-லிருந்து 300 வரை சந்தேகம். பாதம் மதமதப்பு இருப்பதால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது, பி12 குறைந்தால் நரம்பின் மேலுறை கெடும், ரொம்ப நாள் விட்டால் திரும்பாது. வழக்கமாக பி12 குறைந்தால் சிவப்பணு பெருக்கும், அம்மாவுக்கு இரும்புக் குறைவும் சேர்ந்திருப்பதால் அது மறைந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள்தான் மீன், மற்றபடி சைவம் என்றீர்கள், அது ஒரு காரணம். ஆனால் எனக்குக் கண்ணில் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி: வாய்வுக்கு நாலு வருடமாகக் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. இரைப்பையில் அமிலம் இருந்தால்தான் சாப்பாட்டிலிருந்து பி12 பிரிந்து வரும். சோறு, கீரை, பயறில் இருக்கும் இரும்பு கரைவதற்கும் அமிலம் வேண்டும். தைராய்டு மாத்திரை கரைவதற்குக்கூட வேண்டும். நாலு வருடம் தினமும் அமிலத்தை அடக்கி வைத்தால் இதெல்லாம் நடக்கும். சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் இரண்டு மடங்காக வரும், மூட்டு வலி மாத்திரையோ இதய மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு அந்தக் கேஸ் மாத்திரை தேவையாகவும் இருக்கலாம், அதனால் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக. பழைய சோறும் இட்லியும் பி12 தரும் என்று சொல்வதை நம்பி மருந்தைத் தள்ளாதீர்கள். இந்த அளவுக்கு, அதுவும் நரம்புத் தொந்தரவோடு, பெரும்பாலும் ஊசிதான் தொடங்குவார்கள். வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும், அதையும் மனதில் வையுங்கள்.

வைட்டமின் டி 13. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களுக்கு எப்படி என்று கேட்டீர்கள். நடவுக்கோ களை எடுக்கவோ போகும் பெண்களைப் பாருங்கள்: சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை, தலையில் துண்டு, வெயில் படுவது முகமும் புறங்கையும்தான். நம் நிறமும் வெயிலைக் கொஞ்சம் வடிகட்டும். 20-க்குக் கீழே இருப்பதால் மருந்து கொடுப்பது சரி, வழக்கமாக 60,000 யூனிட் பொடி வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். வாரத்துக்கு ஒன்று! இதை ஆச்சரியக்குறி போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் ஒன்று என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் பாலில் கலந்து குடித்த ஒரு பெரியவர், வாந்தியும் மலச்சிக்கலும் மயக்கமுமாக வந்து, கால்சியம் எகிறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பல நாள் படுத்திருந்ததை நான் பார்த்தேன். இது கொழுப்பில் கரையும் வைட்டமின், உடம்பு வெளியே தள்ளாது. எட்டு வாரம் முடிந்த பிறகு மாதம் ஒன்றா என்று டாக்டர் சொல்வார். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற எல்லோரும் வருடா வருடம் இந்த டெஸ்ட்டை எடுக்க வேண்டியதில்லை, 2024-ல் அமெரிக்க எண்டோகிரைன் சங்கமே தன் வழிகாட்டுதலில் அப்படிச் சொல்லிவிட்டது. பேக்கேஜில் இதைச் சேர்ப்பது வியாபாரம்.

மற்ற போல்டு எழுத்துகளை வேகமாகச் சொல்கிறேன். டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு கொழுப்பு, 210: முதல் நாள் ராத்திரி கல்யாணச் சாப்பாடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் பாருங்கள். இஎஸ்ஆர், அதாவது குழாயில் சிவப்பணு படியும் வேகம், 38: ரத்த சோகையிலேயே இது ஏறும், வயதோடும் ஏறும், தனியாகத் துரத்த வேண்டாம். எஸ்ஜிஓடி 46: இந்த என்சைம் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் உண்டு, இரண்டு நாள் குனிந்து நாற்றுப் பறித்த ஆளுக்கு 46 வருவதில் ஒன்றுமில்லை, முக்கியமாகக் கல்லீரலைக் காட்டும் எஸ்ஜிபிடி நார்மலாகத்தான் இருக்கிறது. யூரிக் ஆசிட் 6.3: கால் கட்டைவிரல் வீங்கி வலிக்காத வரை மருந்து வேண்டாம்.  சிஏ 125 என்று சினைப்பைப் புற்றுநோய்க்கான டெஸ்ட் ஒன்று எடுத்து நார்மலாக வந்திருக்கிறது, அதை எடுத்திருக்கவே வேண்டாம். நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு அதை வைத்துப் புற்றுநோய் உண்டு இல்லை என்று சொல்ல முடியாது.

சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 0.7 போல்டில் வரவில்லை, நிம்மதி. ஆனால் ஒல்லியான உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியாட்டினின் எப்போதுமே குறைவாகத்தான் காட்டும். 64 டெஸ்ட்டில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கவே இல்லை, பிரஷரும் எழுதவில்லை. அந்த இரண்டும் ஐந்து நிமிட வேலை, சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் மாமாவின் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 80 என்று பார்த்து வீட்டில் அழுதார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது வேறு அலகு, 88.4-ஆல் வகுத்தால் 0.9. அதே மாதிரி அங்கே சுகர் 5.6 என்றால் 18-ஆல் பெருக்க வேண்டும், 101 வரும். வைட்டமின் டியை 2.5-ஆல் வகுக்க வேண்டும். எண்ணை மட்டும் போனில் சொல்லாமல் பக்கத்தில் போட்டிருக்கும் அலகையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மறுபடி எடுக்கும்போது முகாம் வேண்டாம், அம்மா நேரே லேப்புக்குப் போகட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சித்திரை மாதம், கிராமத்தில் எடுத்த ரத்தம் பைக் பெட்டியில் வெயிலில் வந்து சேர்ந்தது, ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் 6.9. இதயம் நின்றுவிடும் அளவு. வீட்டில் எல்லோரும் பதறி வேன் பிடித்துக் கூட்டி வந்தார்கள். மறுபடி எடுத்தால் 4.4. முதல் குழாயில் அணுக்கள் உடைந்து உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குடும்பம் அன்று பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. லேப் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிஎல் (லேப்புகளுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, வேலூர் சிஎம்சி நடத்துவது மாதிரி வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம், ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

தங்கைக்கு வருகிறேன். 24 வயது, இரண்டு மாதமாக மாதவிடாய் தள்ளிப் போகிறது, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 41. கல்யாணமானவள் என்பதால் முதலில் கர்ப்ப டெஸ்ட், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் பார்க்க வேண்டுமென்றால் மாதவிடாய் வந்த இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் எடுப்பது வழக்கம்; கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் எந்த நாளும் எடுக்கலாம்; ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில். புரோலாக்டின் ரொம்பப் பயந்த சுபாவம் உள்ள ஹார்மோன், ஊசியைப் பார்த்துப் பதறினாலே ஏறும், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து உடனே கையை நீட்டினாலும் ஏறும். விழித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு லேப்பில் இருபது முப்பது நிமிடம் சும்மா உட்கார வைத்து எடுத்தால் 41 பலருக்கு 20 ஆகிவிடும். அப்படியும் ஏறியே இருந்தால் தைராய்டு குறைவா என்று பார்ப்பார்கள், அதுவும் புரோலாக்டினை ஏற்றும். இன்னொன்று, அம்மாவின் கேஸ் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோலோடு, வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் என்றும் போட்டிருந்தால், அந்த டோம்பெரிடோன் புரோலாக்டினை நன்றாகவே ஏற்றும், மாதவிடாயையும் தள்ளிப் போடும். வீட்டில் ஒரு அட்டை இருந்தால் வயிறு உப்பினால் எல்லோரும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். தங்கையும் எடுக்கிறாளா?

அம்மாவுக்கு எஃப்எஸ்எச் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். இந்த வயதில் அது வாரத்துக்கு வாரம் மாறும், மாதவிடாய் நிற்கப் போகிறதா என்பதை வயதையும் அறிகுறியையும் வைத்தே டாக்டர் சொல்லிவிடுவார், அந்தக் காசுக்கு ஸ்கேன் எடுக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது இந்த ரிப்போர்ட், அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். பழைய ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் கிடக்கும், பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருப்பார்கள், அதையும் தேடச் சொல்லுங்கள். மூன்று வருடம் முன்பு ஹீமோகுளோபின் 12 இருந்து இப்போது 9.8 ஆனதா, இல்லை உங்களைப் பெற்ற காலத்திலிருந்தே ஒன்பதிலும் பத்திலும்தான் ஓடிக்கொண்டிருந்ததா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எம்சிவி ரொம்ப வருடமாகவே இப்படிச் சிறுத்திருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறும் சேர்ந்திருக்கிறதா என்று, இரும்பு ஏற்றிய பிறகு, ஒரு டெஸ்ட் பார்க்க வேண்டி வரும். கிடைத்தால் அந்த எண்களையும், தங்கை கேட்டு வந்து சொன்னதையும் எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.